டிஸ்சார்ஜ் ஆனது யார்?

கொடைக்கானலில் சார்ஜர் அண்ணனால் நான் தலைகுனியாத இடம் ஒன்று மிச்சம் இருக்குமானால், அது ஏரிக்கு அடியில்தான் இருக்க வேண்டும். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. படகிலிருந்து தவறி விழுந்த ஒரு செல்லைத் தேடி அவர் இடுப்புவரை தண்ணீருக்குள் தொங்கியதுண்டு. அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் கரைக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தவன் நான்.

செல் என்றதும் இப்போது எல்லாரும் சட்டைப் பையிலுள்ள போனைத் தடவுவீர்கள். நான் சொல்வது பேனா டார்ச்சில் போடுகிற விரல் நீளச் செல். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிலிம் சுருள் விடைபெற்று டிஜிட்டல் கேமரா மலையேறி வந்த காலம். அந்தக் கேமராக்கள் நாலு நாலு செல்லாகத் தின்றன. சாதாரணச் செல் போட்டால் சில படங்களிலேயே படுத்துவிடும் என்பதால், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் செல்கள் வந்தன. கீழே ஊர்நாட்டில் அவை ஒழுங்காக நடந்துகொண்டன. மலைக்கு வந்ததும் குளிரில் சுருண்டன. தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை, மனைவியை மேகத்துக்கு முன்னால் நிறுத்தி "சிரி" என்பான். அவள் சிரிப்பாள். கேமரா கண்ணை மூடிவிடும்.

அப்படிக் கண் மூடிய கேமராக்களோடு மாப்பிள்ளைகள் வந்து விழுகிற இடம், செண்பகனூர் சாலையோரத்தில் இருந்த சார்ஜர் அண்ணனின் ஸ்டூடியோ. அதன் மாடி அறையில் வாடகைக்கு இருந்த பள்ளித் தமிழாசிரியன் நான். வாடகை குறைவு. ஏன் குறைவு என்று குடிபோகும்போது கேட்டிருக்க வேண்டும்.

"செல்லு தானாச் சாகுறதில்ல தம்பி. நாமதேன் கொல்றோம்." வருகிற எவனிடமும் அவருடைய முதல் வாக்கியம் இதுதான். மனைவிக்கு முன்னால் கொலைகாரனான மாப்பிள்ளை திகைத்து நிற்பான். விசாரணை தொடங்கும். "ராத்திரி பூரா சார்ஜர்ல போட்டு வச்சியளா? கைல எடுக்கையில சுட்டுச்சா? சுட்டா அது சார்ஜ் இல்ல, காய்ச்சல். புதுச் செல்லு ரெண்டு, பழசு ரெண்டுன்னு கலந்து போட்டியளா? சரிதேன். இளைச்சவன் முன்னாடியே படுத்துருவான். தெம்பானவன் அவனையும் சேத்து இழுப்பான். கடைசில நாலும் சோலி முடிஞ்சிரும்."

செல்லில் சூடு ஏறுகிறதா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. கன்னம்தான். சார்ஜரிலிருந்து எடுத்த செல்லைக் கன்னத்தில் வைத்து, கண்களை மூடி, குழந்தைக்கு ஜுரம் பார்க்கும் தாய் போல நிற்பார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்கள் வாசலிலிருந்தே ஓசைப்படாமல் திரும்பிப் போனதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

குளிருக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. கக்கம். "குளிர்ல செல்லு சாகல சார், வெறச்சுக் கெடக்கு. கதகதப்புக் குடுத்தா எந்திரிச்சிரும்." இதை இரண்டு கக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் உலகம் பிழைத்திருக்கும். ஒருநாள் டவுன் பஸ்ஸில் நான் பள்ளிக்குப் போகையில் அவரும் ஏறினார். "சார், எனக்கு ரெண்டு பக்கமும் ஃபுல்லு. நீங்க சும்மாதான நிக்கிறிய" என்று என் சட்டைக்குள் கைவிட்டு இரண்டு செல்லைச் செருகிவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள். நான் சிறகு ஒடுக்கிய கோழி போல நின்றேன். கண்டக்டர் வந்து "டிக்கெட்" என்றார். கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து வளைவு. இரண்டு செல்லும் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை உருண்டோடின. பின்னாலேயே, "மிதிச்சிராதீக! மிதிச்சிராதீக!" என்று கத்தியபடி அண்ணன். அவர் ஆணைப்படி சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தபடி நான். அன்றிலிருந்து பள்ளியில் என் பெயர் அடாப்டர் ஐயா.

செல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு, ஜாதகம் பார்க்கிறவர்களிடம்கூட இருக்காது. ஒன்றாக வாங்கிய நாலு ஒரு குடும்பம். ஒன்றாகவே சார்ஜ் ஏற வேண்டும், ஒன்றாகவே இறங்க வேண்டும். அடையாளத்துக்குக் குடும்பத்துக்கு ஒரு நிறமாக நகப்பூச்சு வைப்பது என்று முடிவு செய்து, என்னையும் இழுத்துக்கொண்டு பஜாரில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனார். கவுண்டரில் நின்று தன் நகத்திலேயே சிவப்பு, ரோஸ், ஊதா என்று பூசிப் பார்த்தார். கடைக்காரப் பெண் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"யாருக்குண்ணே? அண்ணிக்கா?"

"அவளுக்கு என்னத்துக்கு? செல்லுக்கு."

செல்லு என்பது செல்லம்மாள் என்று யாரோ ஒருத்தியைச் சுருக்கிக் கூப்பிடுகிற பெயராகவும் இருக்கலாம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "செவப்பு பழசுக்கு. இந்த ரோசு, இப்பப் புதுசா வந்திருக்கே, அதுக்கு" என்று முடித்துவிட்டார். நாங்கள் செண்பகனூர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அவருடைய மனைவி கையில் கரண்டியோடு ஸ்டூடியோ வாசலில் நின்றார். அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்.

"வாத்தியாரே, படிச்ச மனுசன் நீங்க. நீங்களே சொல்லுங்க. யாரு அந்தச் செல்லு?"

மொத்தம் எத்தனை என்று அவர் கேட்டிருந்தால் நான் பன்னிரண்டு என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரே ஒரு மூடநம்பிக்கை இருந்தது. செல்லுக்கு ஞாபகசக்தி உண்டு, பாதி தீர்ந்ததும் மறுபடி சார்ஜ் போட்டால் பாதிதான் தன் வயிறு என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு தடவையும் டார்ச் பல்பில் மாட்டி, கடைசிச் சொட்டுவரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பார். பழைய வகைச் செல்லுக்கு அது சரிதான். இந்தப் புதுவகைக்கு அது தேவையில்லை, அடிக்கடி ஒட்ட உறிஞ்சினால் கெடுதல் என்று பெட்டியோடு வந்த தாளிலேயே போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். "இத எழுதுனவன் கொடைக்கானலுக்கே வந்திருக்க மாட்டான் சார்" என்றார்.

அப்போதெல்லாம் நான் தமிழாசிரியனாகவும் அவரைத் திருத்தப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் என்பதற்கு மின்னிறக்கம் என்று நல்ல சொல் இருக்கிறது என்றேன்.

"மின்... என்னது?"

"மின்னிறக்கம்."

"அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள செல்லே தீந்துரும். ஆஸ்பத்திரில போய் மின்னிறக்கம் பண்ணுங்கன்னா நம்மளத்தேன் பெட்டுல படுக்கப் போடுவான்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்திலிருந்து ஒருவர் ஆரஞ்சுச் சுமையோடு ஒற்றையடிப் பாதையில் ஏறி வருவார். ஸ்டூடியோ வாசலில் மூட்டையை இறக்கி இளைப்பாறி, அண்ணனின் செல் பிரசங்கத்தை முழுவதுமாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அந்தத் தை மாதம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வெள்ளகவிக்குச் சாலை கிடையாது. நாலு பேர் டோலி கட்டித் தூக்கி, மலையடிவாரம் இறக்கி, பெரியகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு மறுபடி கிடைக்காது. கல்யாணத்தைத் தள்ள வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான். ஒன்றே ஒன்று கேட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நிமிஷத்தை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

"பாப்பாரு" என்றார் அண்ணன். "பிரிண்டு போட்டு ஒரு வாரம் கழிச்சு இல்ல. தாலி கட்டுன கையோட எறங்கி, அன்னைக்கே கேமராத் திரையில காட்டிருவோம். படம் எடுக்கவும் செல்லு வேணும், காட்டவும் செல்லு வேணும். அது என் பொறுப்பு."

பொறுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அவர். செல் தூக்க நான். "உங்க கக்கமும் வேணும் சார்" என்று கூப்பிட்டார்.

புறப்படுகிற அன்று அவருடைய சடங்குப்படி எல்லாச் செல்லையும் ஒட்ட டிஸ்சார்ஜ் செய்து சார்ஜில் போட்டார். முதலில் போட்ட ரோஸ் குடும்பம் நிறைந்தது. அடுத்து சிவப்புக் குடும்பம் பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போனது. ஊதா பட்டினி. பாதி நிறைந்த சிவப்பைக் கேமராவில் போட்டார். நிறைந்த ரோஸ், தாலிக்கும் திரைக்கும் என்று ஒதுக்கப்பட்டது. இருட்டோடு இறங்க வேண்டும், பாதையெல்லாம் பனி. கைவீசி நடக்கையில் கக்கம் நிற்காது என்பதால், காலுறைக்கு இரண்டாக ரோஸைக் கணுக்காலில் செருகி, மேலே பூட்ஸைக் கட்டினார். "உடம்புல நடக்கையில சூடாகுற எடம் இதுதேன்." விஞ்ஞானமாகத்தான் பட்டது.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. ஊரே கோயில்கள் என்பதால் பழைய வழக்கம். எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். எங்களுக்கும் அது தெரியும். தெரிந்ததை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. விடியற்காலை எல்லையில் கால் வைத்ததுமே ஓர் அம்மாள், "போட்டோக்காரரே, வெரசா வாங்க! செருப்பக் கழட்டுங்க! பொண்ணு மணைக்கு வந்திருச்சு!" என்று சத்தம் போட்டார். அண்ணன் பூட்ஸையும் காலுறையையும் ஒரே இழுப்பில் உருவி எறிந்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன்.

கோயில் முன் பந்தல். அண்ணன் கஞ்சத்தனமாகப் படம் எடுத்தார். ஒன்று எடுப்பார், உடனே அணைத்துவிடுவார். "ஒருக்கா காட்டுங்க" என்று யாராவது எட்டிப் பார்த்தால் கேமராவை மார்போடு மறைத்துக்கொள்வார். "பாத்தா தேஞ்சிரும்!" திரையைத்தான் சொன்னார். மணப்பெண்ணின் தோழி வேறு மாதிரி எடுத்துக்கொண்டு முறைத்தாள். நான் பந்தல் காலைப் பார்த்தேன்.

தாலித் தட்டு சுற்றி வந்தது. பெண்ணின் அம்மா, கணவர் நின்றிருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அண்ணன் கேமராவை உயர்த்தினார். சிவப்பாக ஒரு மினுக்கு. இருட்டு. மறுபடி அழுத்தினார். இருட்டு. பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நின்ற என்னைப் பார்த்து, மலை எதிரொலிக்கிற குரலில் கத்தினார்.

"சார்! டிஸ்சார்ஜ் ஆயிருச்சு சார்! முழுசா டிஸ்சார்ஜ்!"

மேளம் நின்றது.

"டிஸ்சார்ஜா?" என்றார் பெண்ணின் அம்மா. "எங்க வீட்டுக்காரக டிஸ்சார்ஜ் ஆயிட்டாகளா?"

அடுத்த நொடி குலவைச் சத்தம். "தாலியக் கட்டாதீக! பொறுங்க! அப்பன் வாராராம்ல!" மூத்தவர் ஒருவர், முகூர்த்தம் முடிய இன்னும் நேரமிருக்கிறது, நிற்கலாம் என்றார். இளவட்டங்கள் நாலு பேர் டோலிக் கம்பை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாதைக்கே போய்விட்டார்கள். மணப்பெண் அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில். பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காலையில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு உடம்பே கூசிப் போயிற்று. வாழ்க்கையில் நான் பட்ட வெட்கத்தையெல்லாம் கூட்டி, நாலால் பெருக்கினாலும் அந்த நிமிஷத்துக்குக் காணாது. அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க சொல்லுங்க சார். நீங்க வாத்தியாரு."

"வார்த்தை உங்களுதுண்ணே."

"நீங்கதேன் அன்னைக்கே வேற வார்த்தை சொன்னிய."

"அத இப்பச் சொன்னா ஆச்சா? ரோசு எங்க?"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் கால்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். ஊரே காத்திருக்கத் தயார். நான் ஓடிப்போய்ச் செல்லை எடுத்து வந்து, படமும் எடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் செய்தி பொய்யாம்" என்று மெல்ல நழுவியிருக்கலாம். எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பும்போது, அவர் நேராகப் பெண்ணின் அம்மாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, டிஸ்சார்ஜ் ஆனது அவரு இல்ல. என் செல்லு."

"யாரு?"

"செல்லு. கேமராவுல போடுறது. தீந்து போச்சு. நாந்தேன் கூறுகெட்டுக் கத்திட்டேன். அவரு ஆஸ்பத்திரிலதேன் இருக்காரு."

நான் ஓடினேன். உண்மையைச் சொன்னால், செல்லுக்காக ஓடினேனா, அங்கே நிற்க முடியாமல் ஓடினேனா என்று இன்றும் தெரியவில்லை.

எல்லையில் பூட்ஸ் இரண்டும் பனியில் நனைந்து கிடந்தன. ஒரு காலுறை பக்கத்தில். இன்னொன்று ஒரு நாய் வாயில். என்னைப் பார்த்ததும் அது சரிவில் இறங்கி மறைந்தது. அண்ணனின் காலுறையை விரும்பி எடுத்த ஜீவன் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். துரத்துவதில் பொருளில்லை. இருந்த காலுறையோடு திரும்பினேன், இரண்டே ரோஸ் செல்லோடு.

கேமராவுக்கு நாலு வேண்டும். அண்ணனுக்கு விஷயம் புரிந்தது. தீர்ந்த சிவப்பு நாலையும் உள்ளங்கையில் வைத்து ஊதினார், தேய்த்தார், கன்னத்தில் வைத்தார். அவற்றில் எது கொஞ்சம் தேறும் என்று கன்னமே தீர்ப்புச் சொல்ல, இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ரோஸ் இரண்டு, சிவப்பு இரண்டு. கண்களை இறுக மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார். அவர் வாழ்நாளில் நடத்திவைத்த முதல் கலப்புத் திருமணம்.

பெண்ணின் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவுக வாராகன்னு நெனச்ச அந்த ஒரு நிமிசம் நல்லாத்தேன் இருந்துச்சு" என்றார். சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "செல்லாம்ல செல்லு! ஏலே, டோலியத் தூக்கிட்டுப் போனவங்களக் கூப்பிடுங்கலே!" பந்தல் முழுக்கச் சிரித்தது. "அடிங்கப்பா மேளத்த!" தாலி ஏறியது. கேமரா ஒருமுறை கண்ணைத் திறந்து மூடியது. அண்ணன் உடனே அணைத்து, செல் நாலையும் உருவி, கக்கத்துக்கு இரண்டாக வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கல்யாணச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை. கையைத் தூக்க முடியாதே. மணமக்களோடு மலையிறங்கும்போது பாறைகளில், கைகளை உடம்போடு ஒட்டவைத்தபடி பென்குயின் மாதிரி நடந்தார். வழுக்கும் இடங்களில் நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிரே ஏறி வந்தவர்கள், "அண்ணனுக்கு வாதமா?" என்று விசாரித்தார்கள். நான் "ஆமாம்" என்றேன்.

பெரியகுளத்தில் நல்ல வெயில். ஆஸ்பத்திரி வார்டில், காலில் எடை தொங்க பெண்ணின் அப்பா படுத்திருந்தார். மகளும் மருமகனும் மாலையோடு நிற்க, அண்ணன் சட்டைக்குள்ளிருந்து செல்களை எடுத்து மாட்டினார். சுற்றிலும் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்குப் பழகிவிட்டிருந்தது. அழுத்தினார். சூட்டில் செல் தெளிந்திருக்க வேண்டும். திரை எரிந்தது.

அவசரத்தில் எடுத்த படம். மாப்பிள்ளையின் நெற்றி பாதியைக் காணோம். தாலி தெரிந்தது. அதற்குப் பின்னால், வாய்விட்டுச் சிரித்தபடி பெண்ணின் அம்மா. அப்பா தாலியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு படத்தின் அந்த ஓரத்திலேயே கண் நின்றுவிட்டது.

"இவ எதுக்கு இந்தச் சிரிப்புச் சிரிக்கா?"

யாரும் பதில் சொல்வதற்குள் திரை அணைந்தது. அண்ணன் மெதுவாகச் சொன்னார், "மின்னிறக்கம் ஆயிருச்சுங்க."

அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வருகிற மாப்பிள்ளைகளிடமெல்லாம் மின்னிறக்கம் என்றார். அவர்கள் விழித்தால், "நம்ம வாத்தியாரு சொல்லிக்குடுத்தது" என்று மாடியைக் கைகாட்டினார். அதற்கும் நான்தான் வெட்கப்பட்டேன். அந்தச் சிவப்புக்கும் ரோசுக்கும் தனியாக ஒரு டப்பா போட்டு, பச்சையில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அவற்றைப் பிரிக்கவே இல்லை.

இப்போது அவர் திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்காலுக்கு மலைக்குளிர் ஆகவில்லை. போன மார்கழியில் நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் செய்தார். என் போனில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. பேசத் தொடங்கியதும் சரசரவென்று இறங்கியது.

"அண்ணே, அணையப் போகுது."

"கொடைக்கானல்ல குளிரா?"

"பயங்கரக் குளிர்."

"அப்ப என்னத்துக்குக் காதுல வச்சு ஊதக்காத்துல காட்டுறிய? கக்கத்துல வைங்க."

"கக்கத்துல வச்சா எப்படிண்ணே பேசுறது?"

"பேச என்ன கெடக்கு? வைங்க. நான் லைன்லதேன் இருக்கேன்."

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். என் பழைய மாணவர்கள்கூட இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்வெட்டர் பித்தானைக் கழற்றி, எல்லாரும் பார்க்க, கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. டிக்கெட் எடுக்கிற வரைக்கும் கையைத் தூக்கவில்லை.